இயந்திரம் மூச்சு வாங்கும் பாதை

கார் பெட்ரோலால் ஓடுகிறது என்று சொல்கிறோம். அது பாதி உண்மைதான். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று ஆகிறது. பெட்ரோலைக் காசு கொடுத்து வாங்குவதால் அளந்து பார்க்கிறோம். காற்று இலவசமாகக் கிடைப்பதால் அதை மறந்துவிடுகிறோம். இயந்திரத்தை வடிவமைப்பவருக்கோ காற்றை உள்ளே சேர்ப்பதுதான் பெரிய வேலை.

வெளிக்காற்றை இயந்திரத்தின் சிலிண்டர்களுக்குக் கொண்டு சேர்க்கும் குழாய்த் தொகுதியை 'இன்டேக் மேனிஃபோல்டு' என்பர். அதைப் புதிதாக வடிவமைத்துச் செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மலைக்காற்றும் இயந்திரமும்

காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோகிராம் இருக்கும். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. நம் நெல்லியாளத்திலிருந்து கூடலூர் வழியாக உதகைக்கு ஏறினால் சுமார் 2,240 மீட்டர் உயரத்தை அடைகிறோம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சாதாரண பெட்ரோல் இயந்திரம் ஒரே அளவு 'மூச்சு' இழுத்தாலும் அதில் கிடைக்கும் காற்று குறைவு. வலிமையும் அந்த அளவுக்குக் குறைகிறது. மலையில் வண்டி திணறுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமன்று.

நான்கு வீச்சு இயந்திரத்தில் பிஸ்டன் கீழிறங்கும்போது வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழலும் இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு நொடியில் 75 முறை காற்றை இழுக்கிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் சிலிண்டரை நிரப்ப வேண்டுமானால் பாதை நன்றாக இருக்க வேண்டும்.

எல்லாருக்கும் சமபங்கு

மேனிஃபோல்டின் முதற் கடமை பங்கீடு. நான்கு சிலிண்டர் உள்ள இயந்திரத்தில் நான்குக்கும் ஒரே அளவு காற்று சேர வேண்டும். ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் சென்றால் என்ன ஆகும்? தற்கால இயந்திரங்களில் பெட்ரோல் பெரும்பாலும் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவில் பீய்ச்சப்படுகிறது. காற்று குறைந்த சிலிண்டரில் பெட்ரோல் மிஞ்சிக் கரி படியும். காற்று மிகுந்த சிலிண்டரில் முழு வேகத்தில் வெப்பம் ஏறி, பிஸ்டன் உருகித் துளை விழவும் கூடும். நான்கில் ஒன்று கெட்டால் இயந்திரம் முழுவதும் கெட்டதுதான்.

இதற்கு ஓர் உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாட்டும் நீண்ட தொட்டிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் பெரிய மின்விசிறி. வலைக்குக் கீழே காற்று நிரம்பும் அறை. விசிறிக்கு அருகே உள்ள இலையும் கடைக்கோடியில் உள்ள இலையும் ஒன்றுபோல் வாட வேண்டும். இல்லாவிட்டால் தூளின் தரம் கெடும். அந்தக் காற்றறை செய்யும் வேலையை மேனிஃபோல்டில் ஒரு பெட்டி செய்கிறது. அதிலிருந்தே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் பிரிகிறது.

குழாயின் நீளம்

குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இங்கே ஒலியியல் துணைக்கு வருகிறது. பிஸ்டன் காற்றை இழுக்கும்போது ஒரு தாழ்வழுத்த அலை குழாய் வழியே வெளிநோக்கி ஓடுகிறது. குழாயின் திறந்த வாயை அடைந்ததும் அது உயரழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். பிந்தி வந்தால் மூடிய கதவில்தான் முட்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இயந்திரம் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழல்கிறது என்க. அலை புறப்பட்டுத் திரும்புவதற்குள் அச்சு 90 பாகை, அதாவது கால் சுற்று, திரும்பலாம் என்று கொள்வோம். கால் சுற்றுக்கு ஆகும் நேரம் 0.001875 நொடி. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 64 செ.மீ. இது போய்வரும் தூரம். ஆகவே வால்விலிருந்து குழாய்வாய் வரை 32 செ.மீ. இருக்கலாம். 4,000 சுற்றில் இதே பயன் வேண்டுமானால் 64 செ.மீ. வேண்டும். மெதுவான சுழற்சியில் இழுவை வேண்டினால் நீண்ட குழாய். வேகத்தில் வலிமை வேண்டினால் குட்டைக் குழாய். இரண்டையும் ஒரே குழாயில் பெற முடியாது. முதலில், 'இந்த வண்டி எதற்கு?' என்று கேட்டுவிட்டே அளவுகோலை எடுக்க வேண்டும்.

கோவையில் ஒரு சோதனை

மலையிறங்கிக் கோவைக்குச் சென்றால் இந்தக் கணக்குகளை மாணவர்களே உலோகத்தில் செய்து காட்டுவதைக் காணலாம். 1980களின் இறுதியில், மாருதி 800 காரின் இயந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 1995இல் மறைந்த அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது அந்நகரின் கரி மோட்டார் ஸ்பீட்வே. பொறியியல் கல்லூரி மாணவ மாணவியர் தாங்களே வடிவமைத்துச் செய்த கார்களுடன் பங்குபெறும் 'ஃபார்முலா பாரத்' போட்டி அங்கே நடந்து வந்துள்ளது. இத்தகைய போட்டி முதன்முதலில் 1981இல் அமெரிக்காவில் தொடங்கியது.

இப்போட்டியில் ஒரு கடுமையான விதி உண்டு. பெட்ரோல் இயந்திரத்துக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்ல வேண்டும். நம் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை! அதில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், பிறகு எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் காற்று வராது. அதன் உச்ச அளவு நொடிக்குச் சுமார் 74 கிராம்.

அணிகள் பல பயன்படுத்திய 373 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 9,000 சுற்றில் அதற்குச் சராசரியாக நொடிக்கு 34 கிராம் காற்றுப் போதும். 74 கிராம் விடும் துளையில் என்ன சிக்கல்? அந்தச் சிலிண்டர் மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் காற்றை இழுக்கிறது. அந்த வேளையில் அதற்கு நொடிக்கு 100 கிராம் வீதம் வேண்டும். துளையோ 74க்கு மேல் தராது. விடை நம் வீடுகளிலேயே இருக்கிறது. குழாயில் தண்ணீர் மெல்லத்தான் வருகிறது என்பதால் தொட்டி கட்டி நிரப்பி வைக்கிறோம் அல்லவா? துளைக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு காற்றுப்பெட்டியை வைத்தால், வால்வு மூடியிருக்கும் வேளையில் அது நிரம்பும். பெட்டி மிகச் சிறிதானால் பயனில்லை. மிகப் பெரிதானால் ஓட்டுநர் மிதித்ததற்கு இயந்திரம் தாமதமாகவே பதில் சொல்லும்.

செய்முறை

முதலில் இயந்திரத் தலையின் காற்றுவாய் வடிவத்தை, கேஸ்கெட்டை வைத்து அட்டையில் வரைந்து எடுக்க வேண்டும். அதன்படி தடித்த அலுமினியத் தகட்டில் அடித்தட்டு வெட்டப்படும். குழாயின் உள்விட்டம் காற்றுவாயைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இருந்தால் ஓடிவரும் காற்று விளிம்பில் முட்டும். பெட்டிக்குள் இருக்கும் குழாய்முனை நாதஸ்வரத்தின் அணைசைப் போல விரிந்திருந்தால் காற்று தடையின்றி நுழையும். 20 மி.மீ. துளைக்குப் பின் பாதை மெல்ல மெல்ல விரிய வேண்டும்.

அலுமினியத்தை ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைப்பர். அந்தச் சூட்டில் தட்டு வளைந்துவிடும். அதனால் தடித்த இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கி வைத்தே பற்றவைக்க வேண்டும்; பிறகு முகத்தைக் கடைந்து சமன் செய்ய வேண்டும். உள்ளே துருத்தும் பற்றுக்கோட்டைத் தேய்த்து, ஒரு பொடித்துகள்கூட இல்லாமல் கழுவ வேண்டும். அங்கே விடுபடும் துகள் நேராகச் சிலிண்டருக்குள்தான் போய் விழும்.

கடைசியாகக் கசிவுச் சோதனை. வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் சிறிது காற்றடித்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். வண்டியில் பொருத்தியபின், இயந்திரம் ஓடும்போது நுழைவாயைத் தட்டால் மூடினால் அது உடனே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் கணக்கில் வராத காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது என்று பொருள். பெட்ரோலுக்கு மிஞ்சிய அந்தக் காற்றே பிஸ்டனைச் சுட்டெரிக்கும் பகைவன்.

மாணவியரே!

இதில் வந்த கணக்குகள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையும் காற்றுத்தம்பமும் வைத்து ஒலியின் வேகம் காண்கிறோமே, அந்தப் பாடந்தான் குழாயின் நீளத்தைச் சொன்னது. மோட்டார் வேலை ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்று யாரேனும் சொன்னால், 340ஐ 0.001875ஆல் பெருக்கி இரண்டால் வகுத்துக் காட்டுங்கள். விடை யார் போட்டாலும் 32 செ.மீ.தான். கண்ணுக்குத் தெரியாத காற்றையும் அளந்து, கடைசிச் சிலிண்டருக்கும் அதன் பங்கு சேரும்படி செய்யும் பொறுமை உள்ளவர் எவரோ, அவருக்கே இந்தத் தொழில் கைவரும்.