வகுப்பறையில் 10 நிமிடம்: செலவும் பயனும்

தொடக்கக் கல்வியின் முன்னேற்றத்தை மதிப்பிடும்போது கட்டிடங்கள், ஆசிரியர்கள், பாடநூல்கள் ஆகியவற்றைக் கணக்கிடுகிறோம். இவை அனைத்தும் பயன் தருவதற்குக் குழந்தையின் கவனம் இன்றியமையாதது. சிறு குழந்தைகளால் நெடுநேரம் அசையாது அமர்ந்து ஒன்றிலேயே மனத்தைச் செலுத்த இயலாது என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் விதித்துள்ளது. அதாவது, சராசரியாக நாளொன்றுக்கு 4 மணி நேரம். 60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்பதும் அச்சட்டத்தின் நியதி. இத்தகைய பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது, அதே அறையிலுள்ள மற்ற வகுப்பினர் அமர்ந்த நிலையிலேயே காத்திருக்க நேரிடுகிறது.

இதற்கு எளிய பரிகாரம், பாடங்களுக்கிடையே நாளைக்கு இருமுறை, 5 நிமிட உடலசைவு இடைவேளை அளிப்பதாகும். பாட நேரம் வீணாகாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. 200 நாட்களுக்கு இதற்காகும் நேரம் 2,000 நிமிடங்கள். ஏறத்தாழ 33 மணிகள். மொத்தக் கற்பித்தல் நேரத்தில் இது 4 சதவிகிதத்தைச் சற்றே மிஞ்சும். எஞ்சிய 96 சதவிகித நேரத்தில் கவனம் சிறிதளவு உயர்ந்தாலே இச்செலவு ஈடாகிவிடும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2010-ல் 50 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. பள்ளியில் உடலியக்கத்துக்கும் கல்வித்திறனுக்கும் இடையே அளவிடப்பட்ட 251 தொடர்புகளில் 50.5 சதவிகிதம் சாதகமானவை, பாதகமானவை 1.5 சதவிகிதமே. மற்றவற்றில் குறிப்பிடத்தக்க விளைவு காணப்படவில்லை. பயன் எங்கும் உறுதி என்று இதைக் கொண்டு கூற முடியாது. ஆயினும் கல்வி குன்றும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு என்பது தெளிவு.

இதற்குக் கருவிகளோ தனி நிதியோ தேவையில்லை. எழுந்து நின்று கைகளை நீட்டி மடக்கலாம். நின்ற இடத்திலேயே அடிவைத்து வாய்பாடு சொல்லலாம். ஆசிரியர் கூறும் திசைக்குத் திரும்பி நிற்கலாம். நிற்க இயலாத குழந்தை அதே பயிற்சியை அமர்ந்தபடி கையசைவால் செய்யலாம். முடிவில் ஒருமுறை மூச்சை ஆழ இழுத்துவிட்டு உடனே பாடத்தைத் தொடங்குவது அவசியம்.

எனினும், இது விளையாட்டு நேரத்துக்கு மாற்றாகாது. 5 முதல் 17 வயதினருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்துள்ளது. தண்டனையாக இந்த இடைவேளையை மறுப்பதும் தகாது. அமைதியின்றி இருக்கும் குழந்தைக்கே இது அதிகம் தேவைப்படுகிறது.

கல்வி அதிகாரிகள் இதற்கெனப் புதிய பதிவேடு எதையும் விதிக்காமல், கால அட்டவணையில் இடமளித்தால் போதும். இடைவேளைக்கு முன்னும் பின்னும் கொடுத்த கணக்கை எத்தனை குழந்தைகள் முடித்தனர் என்பதை ஆசிரியர் ஒரு மாதம் குறித்துவந்தால், அந்த வகுப்புக்கு ஏற்ற நேரமும் முறையும் தாமே புலப்படும்.