கடைக் கணக்கும் கம்ப்யூட்டர்க் காவலும்



ஈப்போ நகரிலும், சுங்கை சிப்புட், கம்பார், பீடோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் கடை நடத்திய நம் முன்னோர்கள் 555 என்னும் சிறு நோட்டில் பற்று எழுதி வியாபாரம் செய்தார்கள். அத்தோட்டங்களிற் பல இன்று செம்பனைக் காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. நோட்டிலிருந்த கணக்கும் கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டது. ஆயினும் கணக்கு ஓர் அமானிதம் என்பது மாறவில்லை. அதிலிருப்பது நம் பணம் மாத்திரமன்று. சரக்குக் கொடுத்தவரின் பாக்கி, வாடிக்கையாளரின் விலாசம், சிப்பந்திகளின் சம்பளம் யாவும் அதில் அடங்கியுள்ளன. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமேயாகும். எழுதியதைக் காப்பதும் நம் கடமையன்றோ? அதற்கான வழிகளை இங்கே கவனிப்போம்.

1. வேண்டாத மின்னஞ்சல்

1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி, அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். குப்பை அஞ்சலுக்கு அதுவே ஆரம்பம் என்பர். தபால் தலை ஒட்டும் செலவு இதில் இல்லை. ஆகவே லட்சம் பேருக்கு அனுப்பி இரண்டொருவர் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு லாபந்தான். இவ்வித அஞ்சலுக்குக் கோபித்துப் பதில் எழுதுவது வீண் வேலை. எழுதினால், இவ்விலாசத்தில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு நாமே தெரிவித்தவர்களாவோம். திறக்காமல், 'ஸ்பாம்' என்னும் பொத்தானை அழுத்தி ஒதுக்கிவிட வேண்டும். அப்படிச் செய்யச் செய்ய, அஞ்சல் பெட்டியே அவற்றை இனங்கண்டு விலக்கப் பழகிக்கொள்ளும்.

விளம்பரக் குப்பையினும் கொடியது பொய்ப் பில். 2013 முதல் 2015 வரை லித்துவேனியா நாட்டவன் ஒருவன், தைவான் கம்பெனி ஒன்றின் பெயரிலேயே வேறொரு கம்பெனியைப் பதிந்து, கூகுள், பேஸ்புக் ஆகிய இரண்டுக்கும் பொய்ப் பில் அனுப்பி 100 மில்லியன் டாலருக்கும் மேல் பெற்றுவிட்டான். 2019-இல் அவனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கம்ப்யூட்டர்க் கலையில் தலைசிறந்தோரே ஏமாந்தார்களென்றால், அரிசி மூட்டையும் துணிக்கட்டும் விற்கும் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்!

"எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது; இனிப் புதிய எண்ணுக்குப் பணம் அனுப்பவும்" என்று சரக்கு முதலாளியின் பெயரில் கடிதம் வருமாயின், முதலில் விலாசத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கவும். 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி எழுதினால் கண் ஏமாந்துபோகும். விலாசம் சரியாயிருந்தாலும் போதாது. அவருடைய அஞ்சல் பெட்டியையே திருடன் கைப்பற்றியிருக்கக்கூடும். ஆகையால் அக்கடிதத்திலுள்ள எண்ணை விடுத்து, பழைய பில்லிலுள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்கு விதித்திருப்பது இதற்கும் பொருந்தும்.

திருமண அழைப்பு என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்பையும் திறக்கலாகாது. அழைப்பிதழ் படமாக வரும், நிறுவிக்கொள்ளச் சொல்லாது.

2. மென்பொருளைப் புதுப்பித்தல்

நம் தராசை வருடந்தோறும் சோதிக்கக் கொடுத்து முத்திரை பெறுகிறோம். கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் அத்தகைய பராமரிப்பு உண்டு. அதிலுள்ள ஓட்டைகள் தெரியவரும்போது, செய்த கம்பெனியே திருத்தம் அனுப்புகிறது. அதுவே அப்டேட்.

2017 மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் விட்டுவிட்டனர். மே 12-இல் 'வான்னாக்ரை' என்னும் நாசவேலை தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் கோப்புகள் பூட்டப்பட்டன. விடுவிக்க 300 டாலர் கேட்கப்பட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே தடுமாறின. இதில் கவனிக்கவேண்டியது, ஒருவரும் எதையும் அழுத்தாமலே அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பரவியது. கடிதத்தில் மட்டும் ஜாக்கிரதையாயிருந்து பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

தராசு முத்திரையை வழியில் போகிறவரிடம் பெறுகிறோமா? அதுபோல, திடீரென்று திரையில் தோன்றி "இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்" என்பதை நம்பாமல், கம்ப்யூட்டரின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்றே அப்டேட் செய்ய வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. இன்னும் அதை வைத்திருப்போர் புதியதற்கு மாறும் வழியைத் தாமதமின்றி விசாரிக்கவும்.

3. கடைப்பிடிக்க வேண்டியவை

அ. வாரம் ஒரு நாள், கடை அடைத்த பின், பொறுப்பான ஒருவர் அப்டேட் பார்க்கட்டும். நோன்புப் பெருநாள் வியாபார நெரிசலில் வேண்டாம். செய்த தேதியை ஒரு 555 நோட்டில் குறிக்கவும்.

ஆ. அதற்கு முன் கணக்கின் நகலைத் தனி டிஸ்கில் எடுத்து, டிஸ்கைக் கழற்றி வைக்கவும். மாட்டியபடியே விட்டால், பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

இ. பில் போடும் மென்பொருளை மாற்றுமுன், அதை விற்றவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஈ. மின்னஞ்சலின் மறைச்சொல்லை வேறெதற்கும் வைக்கலாகாது. இருபடிச் சோதனையையும் ஏற்படுத்திக்கொள்ளவும். மற்றக் கணக்குகளின் மறைச்சொல்லை மாற்றும் திறவுகோல் அப்பெட்டியில்தான் இருக்கிறது.

உ. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் பேங்கையோ, 2022-இல் அரசாங்கம் ஏற்படுத்திய தேசிய மோசடித் தடுப்பு நிலையத்தின் 997 என்ற எண்ணையோ அழைத்து, போலீசிலும் புகார் செய்யவும். திருடன் பணத்தைக் கணக்குக்குக் கணக்கு மாற்றிக்கொண்டே போவான். ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். தவறிழைத்த சிப்பந்தியை ஏசினால், அடுத்த முறை அவர் சொல்லவே அஞ்சுவார், நஷ்டம் நமக்கே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகே தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நாமும் கட்டவேண்டியதைக் கட்டுவோம். வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தை அருள்வானாக. ஆமீன்.