மீன் தொட்டியில் பாசி: காரணமும் கட்டுப்பாடும்

மட்டாஞ்சேரியில் நம் அன்பர்கள் சிலர் வீடுகளில் கண்ணாடி மீன் தொட்டி உண்டு. "ஒரு மாதம்கூட ஆகவில்லை, தண்ணீர் பச்சையாகிவிட்டதே!" என்பதுதான் எல்லோருடைய குறை.

நானும் இதில் அடிபட்டவனே. பேத்திக்காக வாங்கிய தொட்டியை ஜன்னலோரம் வைத்தேன். பாசி படர்ந்ததும் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரையே நிரப்பினேன். தொட்டி பளபளத்தது. மூன்றாம் நாளுக்குள் நான்கு மீன்களும் செத்து மிதந்தன. "சுத்தம்தானே பண்ணினீங்க, தாத்தா?" என்று குழந்தை கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

ரயில் பெட்டியின் அச்சு சூடேறினால் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பது பரிகாரமல்ல. ஏன் சூடேறியது என்று பார்க்க வேண்டும். பாசியும் அப்படித்தான். அது வளர வெளிச்சமும் உரமும் வேண்டும். மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. பில்டர் பஞ்சிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டால் மீனுக்கு அவ்வளவு தீங்கில்லை. பாசிக்கோ அது நல்ல உரம். குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். நான் செய்தது இரண்டும்தான்.

மழைக்காலத்தில் நம் காயலில் மிதந்து வரும் ஆகாயத் தாமரையும் இதே கதை. வயல் உரமும் ஊர்க் கழிவும் கொடுக்கும் ஊட்டத்தில்தான் அது அப்படிப் பெருகுகிறது.

செய்ய வேண்டியவை:

1. நேர் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும்.

2. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள்.

3. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். 13 லிட்டர், அதாவது ஒரு வாளி மாற்றினால் போதும். புதுத் தண்ணீரை முந்தின நாளே திறந்த வாளியில் பிடித்து வையுங்கள்.

4. பில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

5. ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகளை வளருங்கள். பாசிக்குப் போகும் உரத்தை அவை எடுத்துக்கொள்ளும்.

6. தண்ணீரே பச்சையாகிவிட்டால் விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் நான்கு நாள் மூடுங்கள். காற்றுப் பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாசி தின்னும் என்று சக்கர் மீனை வாங்குகிறோம். அது ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததும் பலர் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் கேரளத்து நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. தயவுசெய்து விடாதீர்கள்.

இப்போது எங்கள் தொட்டியில் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைக்கிறோம். பின்பக்கம் கொஞ்சம் பாசி இருக்கிறது. மீன்கள் அதைக் கொறித்துக்கொண்டு சுகமாக இருக்கின்றன.