பெரிய இன்ஜினே நல்ல இன்ஜினா?

1964-ல் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் காரான டெம்பெஸ்ட்டில் 389 கன அங்குல வி8 இன்ஜினை ஏற்றி, ஜிடிஓ என்று விற்றது. அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. விதியை மீறி வந்த கார் நன்றாக விற்றது; மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. அமெரிக்க மஸில் கார் காலம் இப்படித் தொடங்கியது. பெரிய இன்ஜின் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையின் வேரும் இதுதான். இன்று ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஷெவர்லேயின் பழைய கமாரோவையோ ஷெவெல்லையோ புதுப்பிக்க இறங்குகிறவர்கள் இந்த நம்பிக்கையையும் இதன் உறவுகளையும் ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: கன அங்குலம் கூடக் கூடக் கார் சிறக்கும்.

உண்மை: பலத்தோடு எடையும் கூடும், அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல் இறங்கும். ஷெவர்லேயின் பெரிய வி8 வரிசையான பிக் பிளாக், இரும்பில், ஏறத்தாழ 310 கிலோ. சிறிய வரிசையான ஸ்மால் பிளாக், அதே இரும்பில், 260 கிலோ அளவில் நிற்கும். 1997 கார்வெட்டில் வந்த அலுமினிய எல்எஸ்1, 200 கிலோவை ஒட்டியது. முன்பாரம் மிகுந்த கார் நேர்ச்சாலையில் சீறும். வளைவில் திரும்ப மறுக்கும். ஷெவர்லேயின் பொறியாளர்களுக்கு இது அன்றே தெரியும். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காக 1967-ல் கமாரோ இசட்28-க்கு 302 கன அங்குல இன்ஜினைத்தான் செய்தார்கள். 1968, 1969 இரண்டு ஆண்டும் தயாரிப்பாளர் பட்டம் ஷெவர்லேக்கே. 427 கன அங்குலப் பலம் வேண்டும், பாரம் வேண்டாம் என்றபோது இசட்எல்1 இன்ஜினை முழுக்க அலுமினியத்தில் வார்த்தார்கள். 1969-ல் அந்த இன்ஜினோடு வந்த கமாரோக்கள் மொத்தம் 69 மட்டுமே. கால் மைல் நேரோட்டம்தான் ஆசை என்றால் பிக் பிளாக் பொருந்தும். மலைச்சாலையும் நெடும்பயணமும் என்றால் ஸ்மால் பிளாக்கே துணை.

நம்பிக்கை: அந்தக் காலக் குதிரைத்திறனுக்கு இன்றைய இன்ஜின்கள் ஈடாகாது.

உண்மை: அளந்த முறையே வேறு. அன்றைய விளம்பரங்களில் வந்தது கிராஸ் கணக்கு. ஏர் கிளீனர், காரின் சைலன்சர் போன்றவை இல்லாமல், இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஓட்டி எடுத்த எண் அது. 1972 முதல் நெட் கணக்கு வந்தது: காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பூட்டி அளப்பது. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஆண்டுக் கார்வெட்டின் 454 கன அங்குல பிக் பிளாக் எல்எஸ்5 இன்ஜின் கிராஸில் 365, நெட்டில் 285. அது 7.4 லிட்டர். 5.7 லிட்டர் எல்எஸ்1 நெட் கணக்கிலேயே 345 தருகிறது. ஆனாலும் பழைய பெரிய இன்ஜினுக்கு ஒரு பெருமை உண்டு: குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க், அதாவது திருப்பு விசை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் முதுகை இருக்கையோடு சேர்க்கும் அந்த உந்துதலுக்காகவே பலர் இந்தக் கார்களை விரும்புகிறார்கள். எனவே உச்ச எண்ணை மட்டும் கேட்காதீர்கள். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: எல்எஸ்1-ம் அதன் குடும்பத்து எல்எஸ் இன்ஜின்களும் எந்தக் காரிலும் அப்படியே உட்காரும்.

உண்மை: உட்காரும், செலவோடு உட்காரும். டிரக்கிலிருந்து கழற்றிய இன்ஜினின் ஆழமான ஆயில் சம்ப், பழைய காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். சம்ப்பை மாற்ற வேண்டும், மவுண்ட் மாற்ற வேண்டும், எக்ஸாஸ்ட் புதிதாகச் செய்ய வேண்டும். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ எரிபொருள் அழுத்தம் போதும். எல்எஸ்ஸின் இன்ஜெக்டர்களுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். ஆகவே புது பம்ப், புதுக் குழாய், கம்ப்யூட்டர், வயரிங். இன்னொன்று: டிரக்கில் வரும் 5.3 லிட்டர் இன்ஜின்களில் பல இரும்பு பிளாக். அலுமினியத்தின் எடைச் சலுகை அவற்றில் கிடைக்காது. ஃபோர்டு ரசிகர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2011 மஸ்டாங்கில் வந்த 5 லிட்டர் கொயோட்டி, ஃபோர்டின் பழைய 302-ஐவிட நன்றாகவே அகலம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேம்ஷாஃப்ட் இருப்பதால். 1960-களின் மஸ்டாங்கில் ஷாக் டவர்களை வெட்டாமல் அதை இறக்குவது மிகக் கடினம். லிட்டரை வைத்து உருவத்தைக் கணிக்க முடியாது.

நம்பிக்கை: பெரிய கார்புரேட்டர், பெரிய கேம் (கேம்ஷாஃப்ட்) போட்டால் கூடுதல் பலம்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். 350 கன அங்குல இன்ஜின் 5,500 ஆர்பிஎம்மில் முழுத்திறனோடு மூச்சிழுத்தாலும் நிமிடத்துக்கு 557 கன அடிக் காற்றே போதும். 600 கன அடிக் கார்புரேட்டர் அதற்குத் தாராளம். 850 போட்டால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் தளர்ந்து, பெட்ரோல் சரியாகக் கலக்காமல் இன்ஜின் திணறும். பெரிய கேம் ஐடிலிங்கில் வேக்குவத்தைக் குறைக்கும். அந்த வேக்குவத்தை நம்பி வேலை செய்யும் பவர் பிரேக் பலவீனமாகும். சத்தத்துக்காகப் பிரேக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம்பிக்கை: ஈயமில்லாப் பெட்ரோல் பழைய இன்ஜினைக் கொன்றுவிடும்.

உண்மை: அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் தடை. பழைய இரும்பு ஹெட்டுகளில் வால்வு சீட் தேய்வது உண்மைதான். ஆனால் அது நெடுநேரம் அதிக வேகத்திலும் பாரத்திலும் ஓட்டும்போது வரும் நோய். ஹெட்டைப் பிரிக்கும்போது கடினப்படுத்திய சீட் பொருத்தினால் கவலை தீரும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கம்ப்ரஷன். 1970-ன் பிக் பிளாக் எல்எஸ்6 இன்ஜினில் அது 11.25-க்கு 1. அப்படியே மறுபடி கட்டினால் இன்றைய பம்ப் பெட்ரோலில் நாக்கிங் வரும். பிஸ்டன் உடையும் அபாயமும் உண்டு. கம்ப்ரஷனைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுவதே விவேகம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்பிக்கை: இன்ஜினை மாற்றினால் காரின் மதிப்பு போய்விடும்.

உண்மை: எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. 1968 முதல் ஷெவர்லே வி8 பிளாக்குகளில், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் உங்கள் காரோடு பொருந்தினால் அந்த பிளாக்கை விற்காதீர்கள். எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். பாடியை வெட்டாமல், போல்ட்டில் பொருந்தும் மவுண்ட்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள். நாளை பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆறு சிலிண்டரோடு பிறந்த காருக்கும், சொந்த இன்ஜினை எப்போதோ இழந்த காருக்கும் இந்தக் கட்டுப்பாடு பெரிதாக இல்லை.

ஆகவே முடிவெடுக்கும் வரிசையை மாற்றுங்கள். காரை எங்கே, எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்பது முதலில். அடுத்து பிரேக், ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். இன்ஜின் கடைசியில். அளவான பணத்தில் தெருவில் ஓட்டி மகிழ விரும்பும் கமாரோ, ஷெவெல் உரிமையாளருக்கு என் பரிந்துரை: அலுமினிய ஹெட் பூட்டிய 350 ஸ்மால் பிளாக், மிதமான கேம், ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ். 1967 கமாரோவில் அறிமுகமான இந்த 350-க்கு உதிரிப்பாகம் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் நிறைய. இன்ஜினில் மிச்சமாகும் பணத்தை முன் டிஸ்க் பிரேக்கில் போடுங்கள்.