அருவியும் முடுக்கமும்

ஊர்ந்து செல்லும் நத்தையும், ஓடும் பேருந்தும், சுழலும் காற்றாலையும், வீழும் அருவியும் இயக்கமுடையன. எனினும், அவற்றின் இயக்கம் ஒரு தன்மையதன்று. அவ்வேறுபாட்டை அளந்தறிய இயற்பியலார் வேகம், திசைவேகம், முடுக்கம் என்னும் மூன்றினை வகுத்துள்ளனர்.

சிவகிரியினின்று புறப்படும் பேருந்து ஒன்று, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசியை நோக்கிச் செல்கின்றது. அஃது ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் கடந்ததாயின், அதன் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டராகும். வேகத்தோடு செல்லும் திசையையும் சேர்த்துக் கூறின், அது திசைவேகம் எனப்படும். ஒரே வேகத்தில் ஒரு வண்டி தெற்கேயும் மற்றொன்று வடக்கேயும் செல்லுமாயின், அவற்றின் வேகம் ஒன்றே, திசைவேகமோ வேறு.

திசைவேகம் காலத்தோடு மாறும் வீதமே முடுக்கம். நிலையத்தை விட்டுப் புறப்படும் பேருந்தின் வேகம் கூடுகின்றது; நிறுத்தத்தை நெருங்குங்கால் குறைகின்றது. முன்னது முடுக்கம், பின்னது எதிர்முடுக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றினால் சுழலும் காற்றாலையின் இறகு, சீரான வேகத்தில் சுழலினும், அதன் நுனி கணந்தோறும் திசை மாறுகின்றது. ஆதலின் அதற்கும் முடுக்கம் உண்டு. அம்முடுக்கம் வட்டத்தின் நடுவை நோக்கியது.

இனி, வீழும் பொருளைக் காண்போம். இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, சாய்ந்த பலகையில் உருண்டைகளை உருட்டி இவ்வியக்கத்தை ஆராய்ந்தார். தாம் கண்ட முடிவுகளை 1638-இல் நூலாக வெளியிட்டார். காற்றின் தடை இல்லையெனின், வீழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடும். ஓய்வு நிலையினின்று விழும் கல் இரண்டு நொடிகளில் 19.6 மீட்டர் இறங்கிவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் சற்று மிகுதி!

அங்ஙனமாயின், குற்றாலப் பேரருவியின் அடியில் மக்கள் அஞ்சாது நீராடுவது எவ்வாறு? உயரத்தினின்று பாயும் சிற்றாற்று நீர், இடையே பாறையில் அமைந்த பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் முதலில் விழுகின்றது. அங்கே அதன் வேகம் பெரிதும் அடங்குகின்றது. பின்னர்ப் பொங்கி வழியும் நீர், எஞ்சிய உயரத்திற்கேற்ற வேகத்தையே மீண்டும் பெறுகின்றது. அதிலும் ஒரு பகுதி பாறையில் உராய்ந்து குறைகின்றது. இயற்கையே அமைத்த தடை அது.

ஆயினும், மலைமேல் பெருமழை பொழியின் அத்தடையும் போதாது. கீழே வானம் தெளிந்திருப்பினும், செங்குத்தான சரிவில் விரைந்திறங்கும் வெள்ளம் சிறிது நேரத்தில் அருவியை அடைந்துவிடும். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டு சென்றது. வெள்ளத்தைக் கண்டபின் ஓடித் தப்புவோம் என்று எண்ணுதல் அறியாமை. ஆதலின், காவலர் விலகுமாறு கூறியவுடன் விலகுதலே அறிவுடைமை. வேகத்தின் இயல்பை அறிந்தவன், அதற்கு முன்னரே விழிப்புடன் இருப்பான்.