கோடைச் சுற்றுலாப் பட்டியல்களை நம்பலாமா?

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். இவ்வாண்டு விடுமுறைக்கு எங்கே செல்வது? முன்பெல்லாம் இவ்வினாவிற்கு உறவினர் வழியாகவே விடை கிடைத்தது. சென்று வந்த மாமாவோ அத்தையோ, எந்த ஊரில் தண்ணீர் நன்றாயிருந்தது, எந்த விடுதியில் சைவ உணவு கிடைத்தது என்று சொல்லக் கேட்டு முடிவு செய்தோம். இன்றோ "கோடைக்கேற்ற தலைசிறந்த பத்து இடங்கள்", "உலகின் மிகச் சிறந்த தீவு" என்பன போன்ற வரிசைப்பட்டியல்கள் நாளிதழ்களிலும் கைப்பேசியிலும் நம்மைத் தேடி வருகின்றன. சிறுகச் சிறுகச் சேமித்த பணம், குழந்தைகளின் உடல்நலம், ஆண்டிற்கு ஒருமுறை கிட்டும் ஓய்வு ஆகிய மூன்றையும் அப்பட்டியல்களை நம்பி ஒப்படைக்கிறோம். அந்நம்பிக்கை தகுதியுடையதா என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதலிடம் பெற்ற தீவு

பிலிப்பைன்ஸ் நாட்டில் போராகாய் என்றொரு சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேர். மேற்குக் கரையில் நான்கு கிலோமீட்டர் நீளத்திற்கு மாவு போன்ற வெண்மணல் பரந்து கிடக்கிறது. அமெரிக்காவின் டிராவல் அண்ட் லெஷர் இதழ் தன் வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 2012ஆம் ஆண்டு உலகின் தலைசிறந்த தீவாக இது தேர்வு பெற்றது. 2016ஆம் ஆண்டு கோண்டே நாஸ்ட் டிராவலர் இதழின் வாசகர்களும் இதற்கே முதலிடம் தந்தனர். 2017ஆம் ஆண்டில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் இத்தீவிற்கு வந்து சென்றனர்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது யாது? 2018 பிப்ரவரியில் அந்நாட்டு அதிபர் டுடெர்டே, இத்தீவு கழிவுநீர்க் குட்டையாகிவிட்டதெனக் கடிந்து பேசினார். 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்குத் தீவு சுற்றுலாப் பயணிகளுக்கு முற்றிலும் மூடப்பட்டது. விடுதிகளும் வீடுகளும் பல, கழிவுநீர்க் குழாய்த் திட்டத்தில் இணையாமல், கழிவைக் கடலில் கலக்க விட்டிருந்தன. சதுப்பு நிலங்களிலும் கரையை ஒட்டிய விலக்குப் பகுதியிலும் கட்டடங்கள் எழுந்திருந்தன.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. 2015ஆம் ஆண்டிலேயே தீவின் கிழக்குக் கரையான புலாபோக்கில், வடிகால் ஒன்று கடலில் சேருமிடத்து நீரை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையினர் சோதித்தனர். நூறு மில்லிலிட்டர் நீரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 47,000க்கும் மிகுதியாக இருந்தன. குளிப்பதற்கு ஏற்ற நீரில் அவை ஆயிரத்திற்கு மேல் இருத்தலாகாது என்பது அங்கு அப்போதிருந்த வரையறை. அச்சோதனைக்கு மறு ஆண்டுதான் வாசகர்கள் தீவிற்கு முதலிடம் தந்தனர் என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

வாக்களித்தோர் பொய் கூறினர் என்று நாம் சொல்லவில்லை. மணல் உண்மையாகவே வெண்மை. மாலைக் கதிரவன் உண்மையாகவே அழகு. அவர்கள் கண்டது கரையின் மேற்புறம். வடிகாலின் வாயை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. அதைப் பற்றி எவரும் வினவவுமில்லை. பட்டியல் என்பது கேட்கப்பட்ட வினாவிற்கு மட்டுமே விடை தரும் என்பது இதனால் நாம் பெறும் முதற்பாடம்.

பட்டியல் பிறக்கும் வழிகள்

இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் உருவாகின்றன. முதலாவது வாசகர் வாக்கு. இதில் ஓர் இதழை வாங்குவோருள், விடையளிக்க முன்வந்தோரின் விருப்பமே புலனாகும். இரண்டாவது ஆசிரியர் குழுவின் தேர்வு. லோன்லி பிளானெட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல் இவ்வகையது. இங்கே புதுமைக்கு மதிப்பு மிகுதி. ஆகவே சென்ற ஆண்டு இருந்த ஊர் இவ்வாண்டு காணப்படவில்லை எனில் அவ்வூர் கெட்டுவிட்டது என்று பொருளன்று. மூன்றாவது மதிப்பெண் கணக்கு. எண்கள் இருப்பதால் இதுவே நடுநிலையானது என எண்ணத் தோன்றும். இதையும் சற்று ஆராய்வோம்.

இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் ஊருக்கு இயற்கை அழகில் 9, குடிநீர் வசதியில் 5. இரண்டாம் ஊருக்கு அழகில் 6, குடிநீரில் 8. அழகிற்கு நூற்றுக்கு எழுபது பங்கும் குடிநீருக்கு முப்பது பங்கும் கொடுத்துக் கணக்கிட்டால், முதல் ஊர் 7.8, இரண்டாம் ஊர் 6.6. பங்குகளை மாற்றிக் குடிநீருக்கு எழுபது கொடுத்தால் முதல் ஊர் 6.2 ஆக இறங்க, இரண்டாம் ஊர் 7.4 பெற்று முந்திவிடுகிறது. ஊர்கள் மாறவில்லை, மதிப்பெண்களும் மாறவில்லை. பங்கிட்டவரின் கருத்து மட்டுமே மாறிற்று. கதிரவன் மறையுமுன் தூய சைவ உணவு கிடைக்குமா என்பது நம் இல்லத்தாருக்கு முதன்மையான வினா. அதற்கென மதிப்பெண் வழங்கிய உலகப் பட்டியல் எதனையும் நாம் கண்டதில்லை.

வாக்குகளின் எண்ணிக்கை

கோடிக்கணக்கானோர் வாக்களித்தால் பிழை நேராது என்று சிலர் கருதலாம். 2007ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று லிஸ்பன் நகரில் "புதிய ஏழு உலக அதிசயங்கள்" அறிவிக்கப்பட்டன. தாஜ்மகால் இடம் பெற்றதில் நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அது தனியார் நடத்திய போட்டி. தொலைபேசி வழியாக ஒருவரே பலமுறை வாக்களிக்க இயன்றது. யுனெஸ்கோ நிறுவனம் தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என அறிவித்தது. எகிப்து நாடு பிரமிடுகளைப் போட்டியில் நிறுத்தியதற்கே மறுப்புத் தெரிவித்ததால், அவற்றிற்குத் தனிச் சிறப்புநிலை வழங்கப்பட்டது. அதே அமைப்பு பின்னர் நடத்திய இயற்கை அதிசயங்களுக்கான போட்டியிலிருந்து, செலவு மிகுதி என்று கூறி 2011ஆம் ஆண்டு மாலத்தீவு விலகியது.

வாக்குகள் மெய்யானவைதாமா என்பதும் ஐயத்திற்குரியதே. 2017ஆம் ஆண்டு லண்டனில் ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப் அட்வைசர் தளத்தில் பதிந்தார். நண்பர்களைக் கொண்டு பொய்யான பாராட்டுகளை எழுதச் செய்தார். ஒருவருக்கும் ஒரு வேளை உணவும் படைக்காத அக்கொட்டகை, சில மாதங்களில் லண்டன் உணவகங்களுள் முதலிடத்தை அடைந்தது.

எவருடைய கோடை?

மேலைநாட்டார் கோடை என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் பிள்ளைகளின் விடுமுறையோ ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகிறது. அவர்கள் கோடை தொடங்கும் ஜூன் முதல் வாரத்தில் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். போராகாய்த் தீவிலும் ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று வீசும் காலம். எனவே "கோடைக்குச் சிறந்தது" என்ற சொல்லைக் கண்டால், எந்த நாட்டார் எந்த மாதத்தைக் கருதி எழுதினர் என்று காணுதல் இன்றியமையாதது.

வரிசையும் சான்றும்

வரிசைப்படுத்துவது வேறு, சான்றளிப்பது வேறு. 1985இல் பிரான்சில் தொடங்கிய நீலக்கொடித் திட்டம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. நீரின் தூய்மை, கழிவு அகற்றல், பாதுகாப்பு முதலியன குறித்த 33 விதிகளை நிறைவு செய்யும் கடற்கரைக்கே அக்கொடி கிடைக்கும். அதில் முதலிடம், இரண்டாமிடம் என்பதில்லை. ஒருமுறை பெற்றால் போதாது. மீண்டும் மீண்டும் தகுதியை நிலைநாட்ட வேண்டும். சென்னையை அடுத்த கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021ஆம் ஆண்டு இச்சான்றைப் பெற்றன. குழந்தைகளை நீரில் இறக்குவோர்க்குப் பாராட்டுரைகளைவிட இத்தகைய சோதனையே பயன் தரும்.

முதலிடத்தின் சுமை

பட்டியல் ஓர் ஊரைச் சுட்டுவதோடு நில்லாது, அவ்வூரை மாற்றியும் விடுகிறது. 2018 மே மாதம் சிம்லாவில் கடும் குடிநீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது, வர வேண்டாம் என்று பயணிகளை அவ்வூர் மக்களே வேண்டிக்கொண்டனர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்குச் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2018 அக்டோபர் 26 அன்று மீண்டும் திறக்கப்பட்ட போராகாயிலும், ஒரே வேளையில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் இருத்தலாகாது என வரையறுத்தனர். நாம் நீராடும் நீர், அவ்வூரார் குடிக்கும் நீரின் பங்கு என்பதை எப்பட்டியலும் நமக்கு நினைவூட்டுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

பட்டியல் கைக்கு வந்ததும் குடும்பத்தார் கூடியமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை காண முயலலாம்.

1. இதைத் தொகுத்தவர் யார்? அவர்க்கு வருவாய் விளம்பரத்தாலா, விடுதிகளாலா, வாசகர்களாலா?
2. எதை அளந்தனர்? எதற்கு எவ்வளவு பங்கு தந்தனர்?
3. எந்த ஆண்டின், எந்த மாதத்தின் நிலையைக் கூறுகின்றனர்?
4. நம் வீட்டு முதியோர்க்கும் சிறுவர்க்கும் வேண்டியவை அதில் இடம் பெற்றுள்ளனவா?
5. நாம் செல்லும் வாரத்தில் அவ்வூரின் குடிநீர், மழை, நெரிசல் நிலை யாது?

முதல் மூன்றிற்கும் விடை கூறாத பட்டியலை விளம்பரமாகவே கருதலாம். நான்காவதற்கு விடை நம் இல்லத்திலும், ஐந்தாவதற்கு விடை அண்மையில் சென்று வந்தோரிடமும், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகளிலும் உள்ளது.

ஆகவே பட்டியல்களை அறவே ஒதுக்க வேண்டுவதில்லை. நாம் கேள்விப்பட்டிராத ஊர்களை அவை அறிமுகம் செய்கின்றன. அவ்வளவிற்கு அவை நன்மையே. முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் அவற்றிடம் விடாதிருப்போம். இக்கோடையில் பயணச்சீட்டு வாங்குமுன், இவ்வைந்து வினாக்களையும் பிள்ளைகளிடமே கொடுத்து விடை தேடச் சொல்வோம். எண்ணைக் கண்டு மயங்காமல் எண்ணிப் பார்க்கும் பழக்கம், விடுமுறை முடிந்த பின்னும் அவர்களுக்குத் துணை நிற்கும்.