பழைய மகிழுந்தும் காற்றழுத்தமும்

சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவினர். அந்தப் பால் ரப்பராகி, ரப்பர் டயராகிச் சாலைகளில் உருண்டது. மகிழுந்து எவ்வளவு கனமானதாயினும், சாலையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவுப் பகுதி மட்டுமே. திரும்புவதும் நிற்பதும் அதை நம்பியே உள்ளன.

1960களின் வோல்க்ஸ்வேகன் பீட்டல் மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். அதன் இயந்திரம் பின்புறத்தில் உள்ளது. எனவே, பின் டயர்களே அதிகச் சுமையைத் தாங்குகின்றன. அக்காலக் குறுக்கிழை டயர்களுக்கு முன்புறம் ஏறத்தாழ 16 பி.எஸ்.ஐ., பின்புறம் 24 பி.எஸ்.ஐ. எனக் கையேடுகள் குறிப்பிட்டன. இந்த வேறுபாட்டை மறந்து நான்கிலும் ஒரே அளவு காற்றை நிரப்பினால், வளைவில் பின்பகுதி எளிதில் வழுக்கும். காற்று மிகக் குறைந்தாலோ டயர் நெளிந்து சூடாகும்.

டயரின் அமைப்பும் முக்கியம். குறுக்கிழை டயரில் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும். மிச்சலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில், அவை ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேராகச் செல்லும். அதனால் பக்கச்சுவர் வளைந்துகொடுக்க, அடிப்பகுதி சாலையை உறுதியாகப் பற்றும். இவ்விரு வகைகளையும் ஒரே மகிழுந்தில் கலந்து பொருத்தக்கூடாது. வகை மாறினால் அழுத்த அளவும் மாறும்.

பழைய மகிழுந்து குறைவாகவே ஓடும். டயர் தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்; ஓடிச் சூடானபின் அளவு கூடுதலாகக் காட்டும். மழையில் நனைந்த சாலை வளைவில், இந்தச் சில நிமிடக் கவனம் உயிரைக் காக்கும்.